அரிசி களைந்த தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு ஆக்சிமீட்டர் வந்தது 2021ல், கொரோனா இரண்டாம் அலையில், எல்லார் வீட்டுக்கும் வந்த மாதிரியே. மெடிக்கலில் இரண்டு மடங்கு விலை சொல்லி, வேண்டுமென்றால் எடு இல்லாவிட்டால் நகரு என்கிற தோரணையில் விற்றார்கள். அலை ஓய்ந்ததும் அது டிவி ஸ்டாண்டு டிராயரில், பழைய கரண்ட் பில்களுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே கிடந்தது. இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணி சும்மா எடுத்து அவர் விரலில் மாட்டினார். 84.

பேட்டரி போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். என் விரலில் மாட்டினால் 98. அண்ணிக்கு 99. மறுபடி அண்ணனுக்கு மாட்டினால் 85. அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு, "எதுக்குடா இதைப் போட்டு நோண்டிக்கிட்டிருக்கீங்க, ஒரு இருமல்தானே" என்றார். கொரோனா சமயத்தில் 84 என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் நாங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் உட்கார்ந்து டீ குடிக்க முடியும் என்பது எங்களுக்குப் புரியவே இல்லை. மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். மாடிப்படியை இரண்டு தடவையாக ஏறுவார், பைக்கை உதைக்காமல் செல்ஃப் போடுவார், சந்தைப் பையைப் பையனிடம் கொடுத்துவிடுவார். ஒரு வருடமாக இதெல்லாம் எங்கள் கண்முன்தான் நடந்தது, யாரும் கவனிக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், அண்ணனுக்கு இருந்த நோயைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. பல்மனரி ஆல்வியோலர் புரோட்டினோசிஸ், நுரையீரலின் காற்றறைகள் நிரம்பி அடைத்துக்கொள்ளும் நோய். சுருக்கமாகப் பிஏபி. பத்து லட்சம் பேரில் ஆறேழு பேருக்கு இருக்கும் என்கிறார்கள், அதனால் இதைப் படிக்கும் முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்படாது. தேவைப்படும் அந்த ஒருவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை, கோவையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆறு மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து, வருகிற டாக்டரையெல்லாம் நச்சரித்துக் கற்றுக்கொண்டதுதான் இது.

அண்ணனுக்கு அப்போது 43 வயது. கோவை கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் காஸ்டிங் வந்ததும் பிசிறு தட்டி கிரைண்டிங் செய்கிற வேலை, இருபது வருடமாக. கூடவே சிகரெட். இந்த இரண்டையும் கேட்டவுடன் முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வௌவால் சிறகு விரித்த மாதிரி வெள்ளை. டிபியாக இருக்கலாம் என்றார். சளியில் கிருமி இல்லை, அதற்கு மேல் செய்த டெஸ்டிலும் இல்லை, ஆனாலும் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் இருமலும் எடை குறைவும் எக்ஸ்ரேயில் வெள்ளையும் என்றால் டிபி என்று நினைப்பதுதான் நியாயம், போதாததற்கு இந்த நோய் உள்ளவர்களுக்கு டிபி உட்படச் சில தொற்றுகள் மேலே வந்து ஏறிக்கொள்வதும் உண்டு. மூன்று மாதம் மாத்திரை தின்று சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதுதான் மிச்சம்.

எனக்குக் கோபம் அடுத்த கட்டத்தில்தான். இரண்டாவதாகப் போன இடத்தில் சிடி ஸ்கேனை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நுரையீரல் தடிக்கும் வியாதி என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள், வேறு எந்த டெஸ்டும் செய்யாமல். இரண்டு வாரம் பசி எடுத்தது, முகம் உப்பியது, வீட்டில் எல்லோரும் தேறுகிறார் என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் காய்ச்சல். ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உதவாது என்பதோடு நிலைமையை மோசமாக்கவும் கூடும், ஏற்கெனவே காவலாளி தூங்குகிற வீட்டில் தெரு விளக்கையும் அணைத்த மாதிரி. ஓர் இரவு ஆக்சிமீட்டர் 71 காட்டியது, இந்தத் தடவை அவர் டீ குடிக்கவில்லை, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

ஐசியுவில் மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் மிஷின். 90ஐத் தொடும், அவர் திரும்பிப் படுத்தால் 82. முகத்தில் இறுக்கிக் கட்டுகிற மாஸ்க்கும் போட்டுப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூடினால் சாமிக்கு நன்றி, குறைந்தால் நர்ஸைத் தேடி ஓட்டம். ஒரு வாரம் இப்படியே போனது. எல்லோரும் ஆக்சிஜனை எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம், உள்ளே எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரு சின்ன வயசு நுரையீரல் டாக்டர். சிடி படத்தைத் திரையில் போட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பழைய வீட்டு முற்றத்துல உடைஞ்ச கடப்பாக்கல்லைப் பதிச்ச மாதிரி இருக்கு பாருங்க, இடையில சிமெண்டு கோடு." நன்றாகவே தெரிந்தது. இந்தத் தோற்றம் வேறு சில வியாதிகளிலும் வரும், ஆனால் இவ்வளவு வெள்ளையை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் நடமாடியிருக்கிறார் என்பதுதான் இடிக்கிறது என்றார். மறுநாள் பிராங்கோஸ்கோபி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை இறக்கி, கொஞ்சம் சலைன் விட்டு உறிஞ்சி எடுத்தார். பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது பால். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் கலந்த பால். அதை லேபில் பிஏஎஸ் என்கிற சாயம் போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பாக நிற்குமாம். நின்றது.

அது பாலும் இல்லை, சீழும் இல்லை, சளியும் இல்லை. நம் நுரையீரலின் காற்றறைகள் ஒவ்வொன்றின் உட்சுவரிலும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, சர்ஃபேக்டன்ட் என்று பெயர். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாதல்லவா, அந்த மாதிரி அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இதுதான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இது போதுமான அளவு இல்லாமல்தான். அண்ணனுக்கு நேர்மாறு. பூச்சு தினமும் புதிதாகச் சுரக்கும், பழையதை அள்ளித் தின்று தீர்க்க மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவுச் செல்கள் இருக்கின்றன, அந்தச் செல்களுக்கு வேலை செய்யச் சொல்லி உத்தரவு கொடுக்க ஜிஎம்-சிஎஸ்எஃப் என்கிற ஒரு சமிக்ஞைப் புரதம் வேண்டும். அண்ணனின் உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரித்துவிட்டது. உத்தரவு போய்ச் சேரவில்லை, குப்பை அள்ளவில்லை, தெரு நிரம்பிவிட்டது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இதுதான். ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைப் பார்க்க டெஸ்ட் இருக்கிறது. பட்டறைத் தூசியால் வந்திருக்குமோ என்றும் பார்த்தார்கள், சிலிக்கா மாதிரியான தூசிகளாலும் இதே நிலை வரும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் தூசி இரண்டாம் குற்றவாளி ஆனது.

ஆக்சிஜனை எவ்வளவு ஏற்றினாலும் எண் ஏன் நகரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ரத்தம் காற்றறையை உரசிக்கொண்டுதான் போகிறது, ஆனால் அறைக்குள் காற்றுக்குப் பதில் பால். அந்த வழியாகப் போகிற ரத்தம் போன மாதிரியே திரும்பி வருகிறது. நூறு சதவீத ஆக்சிஜனை மூக்கில் வைத்தாலும் நிரம்பிய அறைக்குள் அது போகாது. கரியமில வாயு சுலபமாக வெளியேறிவிடும் என்பதால் அந்தக் கணக்கு ரிப்போர்ட்டில் நன்றாகவே இருக்கும், பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

சரி, என்ன செய்வது? கழுவுவது. வேறு வார்த்தை இல்லை. ஒரு பக்க நுரையீரலை முழுக்க உப்புத் தண்ணீரால் நிரப்பி, குலுக்கி, வடித்து, மறுபடி நிரப்பி வடிக்கிறார்கள்.

இந்த நோயை முதன்முதலாக விவரித்தது 1958ல் ரோசன், காசல்மன், லீபோ என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள், 27 நோயாளிகளை வைத்து. அன்றைக்கு வைத்தியம் எதுவும் கிடையாது. 60களின் தொடக்கத்தில் ஹோசே ராமிரெஸ் ரிவேரா என்ற டாக்டர் கழுத்து வழியாக மூச்சுக்குழாயில் மெல்லிய குழாய் செருகி, நூறு நூறு மில்லியாக வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை, ஒரு நாளைக்குப் பல தடவை, வாரக் கணக்கில் விட்டிருக்கிறார். நோயாளி விழித்திருக்கும்போதே! ஒவ்வொரு தடவையும் இருமி இருமி வெளியே தள்ள வேண்டும். அந்த நோயாளிகளுக்குத்தான் முதலில் கும்பிடு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் அவரே மயக்கம் கொடுத்து ஒரு நுரையீரலை மொத்தமாகக் கழுவும் முறைக்கு வந்தார். அறுபது வருடம் ஆகிவிட்டது, அடிப்படை இன்னும் அதேதான்.

கழுவும் வசதி உள்ள வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்பினார்கள். முதலில் தொற்றை அடக்க இரண்டு வாரம் மருந்து. காய்ச்சலோடு கழுவினால் கிருமியை இன்னும் உள்ளே தள்ளியது போலாகும். அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். நான் பார்த்த டாக்டர்களிலேயே பொறுமைசாலி, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு ஓட்டை உள்ள குழாய் ஒன்று, ஒன்று இடது நுரையீரலுக்கு, ஒன்று வலதுக்கு. ஒரு பக்கம் வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கும், மறுபக்கம் தண்ணீர் போகும். நடுவில் ஒரு சின்ன பலூன் அடைப்பு, அது கசிந்தால் தண்ணீர் நல்ல பக்கத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். அதனால் குழாய் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பார்கள், கசிவு இருக்கிறதா என்று, சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பானே, அதே சோதனையைச் செய்வார்கள்.

"ஏனுங் சார், ஒரு பக்கம் முழுக்கத் தண்ணியிருந்தா இன்னொரு பக்கமும் பால் ரொம்புனதுதானுங்ளே, அது தாங்குமுங்களா?" என்று கேட்டார் அண்ணி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதுதாம்மா முக்கியமான கேள்வி" என்றார். இரண்டில் மோசமானதை முதலில் கழுவுவார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இடதைத் தொடுவார்கள், வலது கொஞ்சம் பெரியது என்பதால் அதை மிச்சம் வைத்தால் உடம்பைத் தாங்கும். மயக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து ரத்தத்தில் ஆக்சிஜன் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறப்பார்கள். நிற்காவிட்டால் எக்மோ, ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப விடுவது. அதற்கும் ஆள் தயாராக இருப்பார்கள், ஆனால் செலவு லட்சக் கணக்கில் தனி. கையெழுத்துப் போட்டேன். பேனா என்னுடையதுதான், ஆனாலும் முதல் தடவை எழுதவில்லை.

இடது பக்கம் முதலில். காலை எட்டரைக்கு உள்ளே போனார், வெளியே சொன்னபோது மணி ஒன்றே முக்கால்.

அன்றைக்கு உள்ளே நடந்ததில் ஒன்று எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. 37 டிகிரிக்குச் சூடாக்கிய சலைனை முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று நிரப்புவார்கள். அந்த நேரத்தில் மானிட்டரில் எண் விழும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏறுமாம்! நுரையீரல் தண்ணீரால் ததும்பும்போது அந்த அழுத்தத்தில் அங்குள்ள ரத்தக் குழாய்கள் நசுங்கும், ரத்தம் வேறு வழியில்லாமல் மறுபக்கம், காற்று உள்ள பக்கம், திரும்பிவிடும். தண்ணீரை வடித்ததும் ரத்தம் பழையபடி காற்றில்லாத பக்கம் பாயும், எண் சரசரவென்று இறங்கும். அதாவது மூழ்கும்போது 95, கரையேறும்போது 83. ஆபத்தான நேரம் வடிக்கிற நேரம்தான், அப்போதுதான் அறையில் ஒருவரும் பேச மாட்டார்கள் என்றார் அந்த மயக்க மருந்து டாக்டர். கண்ணாடிக்கு வெளியே நின்று அதே எண்ணுக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். ஏறுவதே தண்ணீர் நிரம்பியதால்தான் என்று ஒரு நேரம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஒருவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருப்பார், சப்பென்று குழித்த உள்ளங்கையால். அடியில் படிந்தது கிளம்ப வேண்டுமே. சில இடங்களில் அதற்கு அதிரும் உடுப்பு வைத்திருக்கிறார்கள், இங்கே பிசியோதெரபி தம்பி இருவர் மாற்றி மாற்றித் தட்டினார்கள், மறுநாள் எனக்கே கை வலிக்கிறது என்றான் ஒருவன். ஒரு நர்ஸ் நோட்டுப் போட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருந்தாராம். வரவு செலவு பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு எங்கே போனது என்று தேட வேண்டும். என் தொழில் என்பதால் அந்த நோட்டைப் பார்க்கக் கேட்டேன். உள்ளே 18 லிட்டர், வெளியே பதினேழே சொச்சம். நாற்பது லிட்டர் வரை போவதும் உண்டாம்.

சாயங்காலம் அந்த டாக்டர் தன் போனில் ஒரு படம் காட்டினார். பாட்டில்களை வரிசையாக அடுக்கி எடுத்தது. முதல் மூன்று கெட்டியான வெள்ளை, அடியில் தயிர் மாதிரி வண்டல். நடுவில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, கடைசியில் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். நானும் அவரும் அதைப் பார்த்து என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "அரிசி களைஞ்ச தண்ணியாட்டத் தானுங் இருக்குது. இந்தக் கடைசித் தண்ணி வந்தா உலையில போட்டுறலாம்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மாலையில் வரும் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்க அதைத்தான் இனிச் சொல்லப்போவதாகச் சொன்னார், சொன்னாரா தெரியாது.

அன்று ராத்திரி வென்டிலேட்டரில் வைத்து, மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள். இரண்டு நாள் லேசான காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, நெஞ்செல்லாம் வலி. பன்னிரண்டு நாள் கழித்து வலது பக்கம். இரண்டாவது சுலபமாக இருந்தது, கழுவிய இடது தாங்கிக்கொண்டது. நான்காம் நாள் மூக்கில் குழாயில்லாமல் வராண்டாவில் ஆறு நிமிடம் நடக்க வைத்தார்கள், ஆறாவது நிமிடத்தில் 93. அவர் அதைப் பார்க்கவில்லை, வழியில் இருந்த டீ மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு உள்ள கதையில் சுவாரசியம் குறைவு. வாடகைக்கு எடுத்த ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒரு மாதம் ஹாலில் லொடலொடத்துக்கொண்டிருந்தது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு சிலிண்டரும் மூலையில் நின்றது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தோம். சிகரெட் போனது. கிரைண்டிங்கும் போனது, முதலாளி நல்ல மனிதர், ஸ்டோர் பொறுப்பில் உட்கார வைத்திருக்கிறார். சம்பளம் குறைவுதான். கழுவியது காரணத்தைக் கழுவவில்லை, எதிர்ப்பொருள் அப்படியேதான் இருக்கிறது, அதனால் பால் மறுபடி சேரும். சிலருக்கு ஒரு கழுவலோடு நின்றுவிடுகிறது, சிலருக்கு வருடா வருடம். யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

காரணத்தைத் தொடும் மருந்தும் வந்துகொண்டிருக்கிறது, அதன் கதை கொஞ்சம் வேடிக்கை. 1994ல் ஜிஎம்-சிஎஸ்எஃப் இல்லாத எலிகளை ஆராய்ச்சிக்காக உருவாக்கினார்கள். ரத்தச் செல் உற்பத்தி படுத்துவிடும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். ரத்தத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நுரையீரலில் பால் நிறைந்திருந்தது. அங்கிருந்து பிடித்துத்தான் 1999ல் ஜப்பானில் நோயாளிகளின் உடம்பில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தையே ஆவியாக்கி மூச்சில் இழுக்கக் கொடுத்தால் எதிர்ப்பொருளை மீறிக் கொஞ்சமாவது போய்ச் சேருமே என்பது யோசனை. ஜப்பானில் 64 பேரை வைத்துச் செய்த சோதனை 2019ல் வெளிவந்தது, அங்கே 2024ல் அனுமதியும் கிடைத்தது. மோல்கிராமோஸ்டிம் என்ற இன்னொரு வகையை 164 பேருக்கு 48 வாரம் கொடுத்துப் பார்த்த முடிவு 2025ல் வந்தது, வாயுப் பரிமாற்றம் மேம்பட்டிருக்கிறது. எங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டபோது, அண்ணனுக்கு இப்போதைக்குத் தேவையில்லை, தேவைப்படும்போது விலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். அவர் எழுந்த வேகமே எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

வீட்டில் யாருக்காவது மூச்சுத் திணறல், டிபி மாத்திரைக்கும் அசையவில்லை, சிடியில் கடப்பாக்கல் பதித்த மாதிரி இருக்கிறது என்றால், ஸ்டீராய்டைத் தொடும் முன் பிராங்கோஸ்கோபி செய்து வந்த தண்ணீரின் நிறம் என்ன என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்க ஒன்பது மாதம் ஆனது.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த மாதம் சிடி எடுக்க வேண்டும், கொஞ்ச நாளாக மறுபடி இருமுகிறார் என்று அண்ணி போனில் சொல்லியிருந்தார், அதனால் போனதும் டிராயரைத் திறந்து ஆக்சிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். எரியவில்லை. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே காலி. அவர் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டே, "ரிமோட்டுக்குப் போட்டுட்டேன்டா" என்றார்.